வோரிகோனசோல் தொடங்கியும் சி.டி.யில் நிழல் பெரிதாகிறதே?

கேள்வி: ரத்தப் புற்றுநோய்க்கு கீமோ எடுத்த அப்பாவுக்கு நுரையீரலில் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சைத் தொற்று. வோரிகோனசோல் 200 மி.கி. மாத்திரை இருவேளை போடுகிறார். 8ஆம் நாள் சி.டி.யில் நிழல் பெரிதாகியிருக்கிறது. மருந்தை மாற்றச் சொல்லிக் கேட்கலாமா?

பதில்: 8ஆம் நாள் ஸ்கேனை மட்டும் வைத்து மாற்ற வேண்டாம். மருந்து சரியாக வேலை செய்யும்போதே முதல் 7-10 நாட்களில் நிழல் பெரிதாவதுண்டு. கீமோவால் விழுந்த நியூட்ரோஃபில்கள் (தொற்றை எதிர்க்கும் வெள்ளையணுக்கள்) மீண்டும் ஏறும்போது தொற்று உள்ள இடத்தில் போய்க் குவியும். அந்த அழற்சி ஸ்கேனில் நோய் முற்றியதுபோலவே தெரியும். அதனால்தான் நிலைமை மோசமாகாதவரை அடுத்த சி.டி.யை 2 வாரமாவது கழித்து எடுக்கிறார்கள். அதுவரை காய்ச்சலையும் ஆக்சிஜன் அளவையும் கவனியுங்கள். சளியில் ரத்தம் வந்தால் காத்திருக்கக் கூடாது. கொஞ்சம்தான் என்றாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்தாயிற்றா? வோரிகோனசோலை உடைக்கும் கல்லீரல் என்சைமின் வேகம் மரபணுவைப் பொறுத்து மாறும். ஒருவருக்குப் போதாத 200 மி.கி. இன்னொருவருக்கு மிகை. தொடங்கி 4-5 நாட்களுக்குப் பின், காலை மாத்திரைக்குச் சற்று முன் ரத்தம் கொடுக்க வேண்டும். மாத்திரையைப் போட்டுவிட்டுக் கொடுத்தால் அந்த எண் வீண். மில்லிலிட்டருக்கு 1 முதல் 5.5 மைக்ரோகிராம் வரை இருக்கலாம். அதைத் தாண்டினால் குழப்பம், இல்லாத உருவங்கள் தெரிவது போன்றவை வரலாம். மாத்திரை போட்டதும் சற்று நேரம் கண் மங்குவது வேறு. அது பெரும்பாலும் தானே சரியாகிவிடும்.

அளவு குறைந்திருந்தால் முதலில் சாப்பாட்டு நேரத்தைப் பாருங்கள். கொழுப்புள்ள உணவோடு போட்டால் மருந்து சரியாக உறிஞ்சப்படாது. சாப்பாட்டுக்கு 1 மணி நேரம் முன்போ பின்போ போட வேண்டும். ரிஃபாம்பிசின் (காசநோய் மருந்து), ஃபெனிடாயின் (வலிப்பு மருந்து) இரண்டும் இதன் அளவை வெகுவாக இறக்கிவிடும். ரிஃபாம்பிசினோடு சேர்த்துக் கொடுக்கவே கூடாது. நீங்களாக டோஸை ஏற்றிவிடாதீர்கள். 200-ஐ 300 ஆக்கினால் ரத்தத்தில் சேர்வது ஒன்றரை மடங்கல்ல, சுமார் இரண்டரை மடங்கு.

அளவு சரி, 2 வாரமும் ஆயிற்று, முன்னேற்றம் இல்லை என்றால் பூஞ்சையே வேறாக இருக்கலாம். மியூக்கரை (கறுப்புப் பூஞ்சை) வோரிகோனசோல் ஒன்றும் செய்யாது. அதற்கு லிப்போசோமல் ஆம்ஃபோடெரிசின், கிலோவுக்கு 5 மி.கி.யாவது தினமும் நரம்பு வழியே ஏற்ற வேண்டும். சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினினையும், பொட்டாசியத்தையும் விடாமல் பார்க்க வேண்டும். முடிந்த இடத்தில் அழுகிய திசுவை அறுத்தெடுக்கவும் வேண்டும். ஒரு பக்க மூக்கடைப்பு, கண்ணோர வீக்கம், மேலண்ணத்தில் கறுப்புத் திட்டு தெரிந்தால் 2 வாரக் கணக்கெல்லாம் கிடையாது, அன்றைக்கே காட்டிவிடுங்கள்.