‘வெட்னஸ்டே’ என்று ஏன் சொல்வதில்லை?

புதன்கிழமைக்கான ஆங்கிலச் சொல்லில் எத்தனை அசைகள், நடுவில் இருக்கும் ‘டி’ ஏன் ஒலிப்பதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டே அசைகள்: வென்ஸ்-டே. அழுத்தம் முதல் அசையில். அந்த ‘ஸ்’ பாம்பின் சீறல் அல்ல, வண்டின் ரீங்காரம்போல் அதிர வேண்டும்.

பழைய ஆங்கிலத்தில் இது ‘வோடனின் நாள்’. வோடன் ஜெர்மானிய இனத்தாரின் பெரிய தெய்வம். அன்று ‘டி’ ஒலித்தது. ஆனால் ‘ட்’, ‘ன்’ என்று அடுத்தடுத்து மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் நாக்கு மேல் பற்களுக்குப் பின்னால் உள்ள ஈறில் ஒரே இடத்தைத்தான் தொடுகிறது. வேகமாகப் பேசும்போது முன்னது பின்னதில் கரைந்துவிட்டது. எழுத்து மட்டும் பட்டா மாறாத நிலம்போல் பழைய பெயரிலேயே கிடக்கிறது. ‘ஹேன்சம்’ என்ற சொல்லில் ‘டி’ ஒளிந்திருப்பதும் இப்படித்தான். எழுத்துக்கூட்டலை மனப்பாடம் செய்ய மட்டும் ‘வெட்-னெஸ்-டே’ என்று உடைத்துக்கொள்ளுங்கள், நானும் அப்படித்தான் கற்றேன்.

இன்னொரு சுவை: ரோமானியர்களுக்கு இது மெர்க்குரியின் நாள். ஜெர்மானியர்கள் அந்த இடத்தில் வோடனை உட்கார வைத்தார்கள். மெர்க்குரி கோள்தான் நம் புதன். பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் ‘மெர்க்ரெதி’ என்று பழைய தெய்வத்தின் பெயரையே சொல்கிறார்கள்.