இதற்கா இவ்வளவு தூரம்? – கடிதம்

வணக்கம் சார்,

நியூசிலாந்தில் நியூ பிளிமத் நகரத்துப் பூங்காவில் நடக்கும் கோடை ஒளி விழா பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, ஜனவரி முதல் சனிக்கிழமை ஹாமில்டனிலிருந்து மூன்று மணி நேரம் காரில் போனோம். 7 மணிக்கே போய்ச் சேர்ந்துவிட்டோம். பட்டப்பகல்! விளக்கு கண்ணுக்குத் தெரிய 9 மணிக்கு மேல் ஆகிவிட்டது. அதற்குள் சின்னவன் தூங்கிப்போனான். அவனைத் தோளில் போட்டுக்கொண்டு முக்கால் மணி நேரத்தில் சுற்றி முடித்தோம். "இதுக்கா இவ்வளவு தூரம்? நம்ம ஊர் மாரியம்மன் கோயில் சீரியல் செட்டே இதைவிட நல்லா இருக்கும்" என்கிறார் என் கணவர். இலவசம் என்பதால்தான் அதை அவ்வளவு புகழ்ந்தீர்களா? உங்களுக்கு நிஜமாகவே பிடித்ததா?

ஹாமில்டனிலிருந்து ஒரு வாசகி

*

அன்புள்ள வாசகிக்கு,

நிஜமாகவே பிடித்தது. ஆனால் உங்கள் கடிதம் வந்தபிறகு என் கட்டுரையை எடுத்து மறுபடி படித்துப் பார்த்தேன். தப்பு என்மேல்தான். நான் எழுதியது ஒரே இரவில் பார்த்தது போல இருக்கிறது. அப்போது என் மகள் வீடு விழா நடக்கும் புக்கெகுரா பூங்காவிலிருந்து பத்து நிமிட நடையில் இருந்தது. அந்த மாதத்தில் பதினொரு இரவுகள் போயிருக்கிறேன். சாப்பிட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, தெருமுனைக் கடைக்குப் போவது மாதிரி. அதை எழுத மறந்துவிட்டேன்.

இருட்டு விஷயத்தையும் சொல்லாமல் விட்டேன். நம் ஊரில் எந்த மாதமானாலும் சூரியன் ஐந்தரைக்கும் ஏழுக்கும் நடுவில் போய்விடும். நியூ பிளிமத் தெற்கே 39 பாகையில் இருக்கிறது. டிசம்பர், ஜனவரி அங்கே நடுக்கோடை, போதாததற்குக் கடிகாரத்தையும் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருப்பார்கள். சூரியன் மறையவே 8.45 ஆகிவிடும். அதற்கப்புறமும் வானத்தில் வெளிச்சம் கிளம்ப மனசில்லாமல் நிற்கும். ஹாமில்டனில் இருக்கும் உங்களுக்கு இது தெரியாததல்ல. ஆனால் 'மாலையில் போனேன்' என்று நான் எழுதியதை நம்பிப் போய்விட்டீர்கள்.

முதல் இரவு நானும் உங்கள் கணவர் மாதிரிதான் நின்றேன். மரத்தில் கலர் லைட். அவ்வளவுதானா? சீரியல் செட்டில் முருகன் மயில்மேல் வருவார், மயில் தோகை விரியும், வேல் மின்னும். அது விளக்கைப் பார்க்கிற விழா. இங்கே விளக்குகளில் பாதி எங்கே ஒளிந்திருக்கின்றன என்றே தெரியாது. ஆள் உயரத்தைத் தாண்டிய பெரணி மரத்தின் ஓலைக்கு அடியிலிருந்து ஊதா வெளிச்சம் வரும். பகலில் அந்த வழியாகப் பலமுறை போயிருந்தும், ஓலையின் அடிப்பக்கத்தை நான் பார்த்ததே இல்லை. அது மூன்றாவது இரவிலோ நான்காவதிலோ கண்ணில் பட்டது.

இப்போது உங்கள் கேள்வி, இலவசம் பற்றி. சின்ன வயதில் சென்னை தீவுத்திடல் பொருட்காட்சிக்கு அப்பா கூட்டிப்போவார். டிக்கெட் எடுத்தாயிற்று, ஆகவே ஒரு அரங்கு விடாமல் பார்த்தாக வேண்டும். கால் வலிக்கிறது என்று சொன்னால், "காசு குடுத்திருக்கு, நட" என்பார். புக்கெகுராவில் டிக்கெட் கிடையாது, ஆகவே முழுதாகப் பார்த்துத் தீர்க்க வேண்டிய கட்டாயமும் கிடையாது. உள்ளூர்க்காரர்கள் பாயை விரித்து ஏரிக்கரையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். பாட்டுக் கச்சேரி இருந்தால் கொஞ்ச நேரம் கேட்பார்கள். பிள்ளை சிணுங்கினால் பாதியில் எழுந்து போய்விடுவார்கள், நாளைக்கு வந்தால் போயிற்று. (யாருமே காசு தரவில்லை என்றும் இல்லை. நடத்துவது மாவட்ட மன்றம். வீட்டு வரியிலும் விளம்பரதாரர் பணத்திலும் நடக்கிறது.)

நீங்கள் பெட்ரோல் போட்டு மூன்று மணி நேரம் போய், அதே இரவில் மூன்று மணி நேரம் திரும்பியிருக்கிறீர்கள். உங்களுக்கு அது இலவச விழாவே இல்லை. அப்பாவின் டிக்கெட்டை நீங்கள் பெட்ரோல் பங்கில் எடுத்துவிட்டீர்கள்.

ஏரிமேல் ஒரு சிவப்புப் பாலத்தைப் பார்த்திருப்பீர்கள். 'கவிஞர் பாலம்' என்று பெயர். எழுதுகிறவனுக்குக்கூட இந்த ஊரில் பாலம் கட்டியிருக்கிறார்களே என்று முதல் நாள் நெஞ்சு நிமிர்ந்து அதில் நடந்தேன். அப்புறம்தான் விவரம் தெரிந்தது. கவிஞர் என்பது ஒரு பந்தயக் குதிரையின் பெயர். அதன்மேல் பணம் கட்டி ஜெயித்த ஒருவர் கொடுத்த காசில் 1884இல் கட்டினார்களாம். மகள் இதைச் சொல்லிச் சொல்லி இன்னும் சிரிக்கிறாள்.

உங்கள் கணவருக்கு ஒரு செய்தி. கிரிக்கெட் பிடிக்குமென்றால், அதே பூங்காவுக்குள் இருக்கும் மைதானத்துக்குப் பகலில் கூட்டிப்போங்கள். மூன்று பக்கமும் படிப்படியாகப் புல் மேடைகள், நம் ஊர்க் குளத்துப் படித்துறை மாதிரி. 1992 உலகக் கோப்பையில் இங்கேதான் ஜிம்பாப்வே 312 ரன் அடித்தது. ஆண்டி ஃபிளவருக்கு அது முதல் ஒருநாள் ஆட்டம், அவுட் ஆகாமல் 115. அதை இலங்கை துரத்திப் பிடித்தது, ரணதுங்க கடைசிவரை நின்று 88. ஒருநாள் கிரிக்கெட்டில் முந்நூறுக்கு மேலான இலக்கை ஓர் அணி எட்டியது அதுவே முதல் முறை. இந்த ஒன்றுக்காகவாவது அவர் என்னை மன்னிக்கலாம்.

மறுபடி போவதாக இருந்தால் இரண்டு இரவு தங்குகிற மாதிரி போங்கள். சின்னவனை மதியம் நன்றாகத் தூங்க வைத்துவிடுங்கள். எலுமிச்சை சாதமோ தயிர் சாதமோ கட்டிக்கொண்டு 8 மணிக்கு மேல் போனால் போதும். முதல் இரவு பாதி பூங்காதான் பார்க்க முடிந்தது என்றால் விட்டுவிடுங்கள். ஆளுக்கொரு ஸ்வெட்டர் கட்டாயம். கோடைதானே என்று அரைக்கைச் சட்டையோடு போய், 10 மணிக்கு ஏரிக்காற்றில் நான் நடுங்கிய கதையையும் கட்டுரையில் எழுதாமல் விட்டிருக்கிறேன்.