வலிப்பு மாத்திரையோடு சீன மூலிகை மருந்தும் எடுக்கலாமா? 2 மணி நேர இடைவெளி போதுமா?

போதாது. இடைவெளி விட்டால் வயிற்றில் இரண்டும் கலக்காது, அவ்வளவுதான். சிக்கல் இருப்பது கல்லீரலில்; அங்கே நடப்பது நாள் முழுக்க நடக்கும்.

வீட்டில் யாரோ கார்பமாசெபைனோ ஃபெனிட்டாயினோ சாப்பிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்கிறேன். கார்பமாசெபைனைச் சிதைப்பது முக்கியமாக சிஒய்பி 3ஏ4 என்ற நொதி. சீன மருந்துகளில் அடிக்கடி வரும் வூ வெய் ஸு என்ற பழம் அந்த நொதியை அடக்கக்கூடியது. அப்படி அடங்கினால், சாப்பிடும் மாத்திரை அதேதான், ரத்தத்தில் அளவு மட்டும் ஏறும்: தலைசுற்றல், இரட்டைப் பார்வை, தள்ளாட்டம். ஃபெனிட்டாயின் இன்னும் கறாரானது. கல்லீரல் அதைக் கழிக்கும் திறன் ஓர் எல்லையைத் தொட்டதும், சிறு மாற்றத்துக்கே அளவு எகிறிவிடும்.

ஆகவே கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், ரத்தத்தில் மருந்தளவைப் பாருங்கள். மூலிகை தொடங்கும் முன் ஒன்று, 2-3 வாரம் கழித்து ஒன்று, மூலிகையை நிறுத்திய பிறகும் ஒன்று. மூன்றுமே காலை மாத்திரைக்கு முன் எடுத்த ரத்தமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒப்பிட முடியாது. வழக்கமான வரம்பு ஒரு மில்லிலிட்டருக்கு கார்பமாசெபைன் 4-12, ஃபெனிட்டாயின் 10-20 மைக்ரோகிராம்.

மா ஹுவாங் என்ற சீன மூலிகை வேண்டவே வேண்டாம், அதிலுள்ள எஃபெட்ரின் வலிப்பைத் தூண்டும். ஜின்கோ விதையும் அப்படித்தான். சூ ஷா என்ற சீன மருந்துப் பொருள் பாதரச சல்பைடு, அதுவும் வேண்டாம்.

சீன மருத்துவத்தை இழிவுபடுத்துகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். தியான் மா, கோ தெங் என்ற சீன மூலிகைகள் இரண்டும் விலங்குச் சோதனைகளில் வலிப்பைக் குறைத்திருக்கின்றன. ஆனால் மனிதர்களில் பரிந்துரைக்கும் அளவுக்குச் சான்று இல்லை என்றுதான் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2009 மதிப்பாய்வு சொன்னது.

எனக்குப் பெரிய பயம், பெயர், அளவு எதுவும் போடாத சீன மருந்து உருண்டைகள். அவற்றில் ஃபெனிட்டாயினையே கலந்து விற்று, நச்சேறிய நோயாளிகள் ஹாங்காங்கில் பதிவாகியிருக்கிறார்கள். "மூலிகை கேட்கிறது" என்று மகிழ்வது உண்மையில் இரட்டை டோஸாக இருக்கலாம். அதை நம்பி மாத்திரையை விட்டு, பிறகு உருண்டையும் தீர்ந்துபோனால், விடாத வலிப்பு வரலாம்.

மருத்துவர்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. மூலிகை என்றதும் சீறினால் நோயாளி மறைக்கத்தான் செய்வார். நீங்கள் மறைக்காதீர்கள், சீட்டு, டப்பா எல்லாவற்றையும் எடுத்துப் போய்க் காட்டுங்கள். மாத்திரையை நீங்களாகக் குறைக்காதீர்கள். வலிப்பு 5 நிமிடம் தாண்டினால் வாயில் எதையும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்க வைத்து, உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள்.