எந்த நாட்டு சாப்பாட்டு கைடுலைன் நமக்கு சரிப்படும்? (களி சாப்பிடறவங்களுக்கு ஒரு பதில்)

அமெரிக்கா ஒன்னு சொல்லுது ஜப்பான் ஒன்னு சொல்லுது நம்ம ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) வேற ஒன்னு சொல்லுது, களி சாப்பிடற கிருஷ்ணகிரிக்காரன் எதை ஃபாலோ பண்றதுன்னு கேட்டிருக்கீங்க, கூடவே ப்ரோட்டீன் பவுடர் வாங்கலாமான்னும் கேட்டிருக்கீங்க. நான் பாலக்கோடு பக்கம்ங்க, டயட்டீஷியன் எல்லாம் கிடையாது, அப்பாவுக்கு சுகர்னு தெரிஞ்சதுல இருந்து இதையெல்லாம் தேடிப்பிடிச்சு படிக்கறவன், அவ்ளோதான்.

என் பதில் இதுதான்: எவ்ளோ சாப்பிடறதுங்கறதுக்கு இந்தியாவோடது, கடையில எதை வாங்கறதுங்கறதுக்கு பிரேசிலோடது. மத்த நாட்டுதும் படிங்க, தப்பில்ல, ஆனா அது யார் வூட்டு சாப்பாட்ட பாத்து எழுதுனதுன்னு தெரிஞ்சுகிட்டு படிங்க.

ஏன்னா படம் தான் வேற வேற. ஒருத்தர் பிரமிடு போடுவாரு, ஒருத்தர் தட்டு, ஜப்பான்காரர் பம்பரம், சீனாக்காரர் கோபுரம். உள்ள பாத்தா முக்காவாசி ஒன்னேதான், காய் பழம் நிறைய, பயறு பருப்பு, தீட்டாத தானியம், உப்பு சர்க்கரை கம்மி. பிரியற இடம் கொஞ்சம் தான், அந்த கொஞ்சம் ஏன் பிரியுதுங்கறதுல தான் சுவாரஸ்யமே இருக்கு.

அமெரிக்கா 1992ல விட்ட பிரமிடு ஞாபகம் இருக்கா, அடியில ரொட்டி அரிசி பாஸ்தா எல்லாம் ஒரு நாளைக்கு 6ல இருந்து 11 பங்கு வரைக்கும் சாப்பிடுன்னு போட்டது. அதை வெளியிட்டது விவசாயத் துறை, விளைச்சல விக்க வைக்கறதும் அவங்க வேலை, மக்களுக்கு என்ன சாப்பிடணும்னு சொல்றதும் அவங்க வேலை. 1991லயே படம் ரெடி ஆயிடுச்சு, கறி பால் வியாபாரிங்க சத்தம் போட்டதுல நிறுத்தி வெச்சு அடுத்த வருஷம் தான் வந்துச்சு. 2011ல பிரமிட எடுத்துட்டு தட்டு வந்தப்பவும் தட்டுக்குப் பக்கத்துல பாலுக்குன்னு தனியா ஒரு வட்டம் இருந்துச்சு. பக்கத்து நாடு கனடா 2019ல புதுசா எழுதுனப்ப சுகாதாரத் துறையே எழுதுனாங்க, கம்பெனிங்க காசு குடுத்து எழுத வெச்ச ரிப்போர்ட்ட எடுத்துக்கவே மாட்டோம்னு வெச்சாங்க, பாலுக்கு இருந்த தனி இடம் போயி பருப்பு முட்டை கூட சேந்துடுச்சு, குடிக்க தண்ணின்னு போட்டுட்டாங்க. ரெண்டு நாட்டுக்கும் நடுவுல ஒரு பார்டர் கோடு தான், அதுக்குள்ள பாலுக்கு மரியாதை எப்படி மாறுது பாருங்க.

பால் பத்தி நமக்கு என்ன கவலைன்னா கால்சியம் தான். நம்ம ஐசிஎம்ஆர் கணக்கு ஒரு நாளைக்கு பாலோ தயிரோ 300 மில்லி. ராகி 100 கிராம்ல சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கு, 300 மில்லி பசும்பால்ல இருக்கறதும் கிட்டத்தட்ட அதே தான். ஆனா ராகில இருக்கறது அப்படியே உடம்புல ஒட்டாது, அதுல இருக்கற சில பொருள் கால்சியத்த புடிச்சு வெச்சுக்கும். ராத்திரி கரைச்சு புளிக்க வெச்ச கூழ்லயும் முளைகட்டுன ராகிலயும் அந்த பிடி கொஞ்சம் தளரும். அதனால களி சாப்பிடறேன் மோர் வேணாம்னு இருக்காதீங்க, ரெண்டும் இருக்கட்டும்.

ஜப்பான் பம்பரத்துல மேல அகலமா இருக்கறதே சோறு வகைதான், அதைப் பாத்துட்டு என் ஃப்ரெண்டு ஒருத்தன் 'பாத்தியா அவனுங்களே சோறு திங்கறானுங்க'ன்னு குதிச்சான். அங்க ஒரு பங்குன்னா வெந்த சோறு 100 கிராம், சின்ன கிண்ணம். நம்மூர் கல்யாணப் பந்தில முதல் கரண்டிலயே அது முடிஞ்சிரும். உப்புலயும் பாருங்க, உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ளன்னு சொல்லுது, ஜப்பான் 2020ல ஆம்பளைக்கு 7.5, பொம்பளைக்கு 6.5க்குள்ளன்னு வெச்சிருக்கு. சோயா சாஸும் மிசோவும் (புளிக்க வெச்ச சோயா விழுது) ஊறுகாயுமா உப்பு சாஸ்தி திங்கற ஜனத்துகிட்ட திடீர்னு 5ன்னா யாரும் கேக்க மாட்டாங்க, எட்டற உயரத்துல வெச்சிருக்காங்க. கருவாட்டுக் குழம்பும் ஊறுகாயும் இருக்கற வூட்ல எனக்கு இந்த அணுகுமுறை தான் புடிச்சுது, எங்கம்மாகிட்ட ஒரேயடியா 5ன்னு சொல்லிப் பாருங்க தெரியும்.

இப்ப இந்தியாவுக்கு வருவோம். ஐசிஎம்ஆரோட கைடுலைன், ஹைதராபாத்ல இருக்கற அவங்க ஊட்டச்சத்து நிறுவனம் என்ஐஎன் 2024 மே மாசம் விட்டது, மொத்தம் 17 அறிவுரை. ஒரு நாளைக்கு 2000 கலோரிக்கு தானியம் 250 கிராம், பருப்பு பயறு 85, காய்கீரை 400, பழம் 100, கொட்டை வகை 35, எண்ணெய் 27, எல்லாம் சமைக்கறதுக்கு முன்னாடி எடை. இதுல நம்மூருக்கு உறைக்க வேண்டியது முதல் ரெண்டு நம்பரு. ராகி சிறுதானியம் அதனால எவ்ளோ வேணா தின்னலாம்னு ஒரு நினைப்பு இங்க எல்லாருக்கும் இருக்கு, சுகர் பேஷண்டே ரெண்டு களி உருண்டை போடறாரு. அந்த 250 கிராமுக்குள்ள தான் ராகியும் சாமையும் அரிசியும் இட்லியும் எல்லாமே அடங்குது. எங்க வூட்டு உருண்டைல மாவும் நொய்யும் சேத்து 100 கிராமுக்கு மேல போகுது, காலைல நாலு இட்லி மத்தியானம் சோறு ராத்திரி ரெண்டு உருண்டைன்னா கணக்கு எங்க நிக்கும்னு நீங்களே பாருங்க. எங்க ஆயா காலத்துல அந்த உருண்டைய தின்னுட்டு பகல் பூரா கடலைக்காட்டுல குனிஞ்சாங்க, நாம ஓசூருக்கு கம்பெனி பஸ்ல உக்காந்து போயி அங்கயும் உக்காந்துட்டு வரோம்.

பருப்பு இன்னும் மோசம். நாலு பேர் வூட்டுக்கு தலைக்கு 85 கிராம்னா மாசம் 10 கிலோவுக்கு மேல வருது, ரேஷன்ல கிடைக்கற துவரம்பருப்பு மாசம் 1 கிலோ, அரிசி 20 கிலோ வரைக்கும். தட்டு எப்படி இருக்கும்னு ரேஷன் கடையே முடிவு பண்ணிருது. 2023ல தருமபுரிலயும் நீலகிரிலயும் அரிசில 2 கிலோவுக்கு பதிலா ராகி குடுக்க ஆரம்பிச்சாங்க, நல்லதுதான், ஆனா அதுவும் தானியம் போயி தானியம் வந்ததுதானே. என்னைக் கேட்டா கொள்ளும் மொச்சையும் குடுக்கணும், இங்க விளையறதுதான்.

பிரேசில் 2014ல எழுதுனதுல கிராம் கணக்கே பெருசா கிடையாது. வூட்ல சமைச்சத சாப்பிடு, நாலு பேரோட உக்காந்து சாப்பிடு, ஃபேக்டரில பேர் தெரியாத அஞ்சாறு சாமான் போட்டு செஞ்சத தவிர்த்துடு, விளம்பரத்த நம்பாதன்னு இருக்கும். நம்ம மாவட்டத்துக்கு இது எப்படி பொருந்துதுன்னா, மாங்கூழ் ஃபேக்டரி இருக்கற ஊரு கிருஷ்ணகிரி, அங்க புள்ளைங்களுக்கு பாட்டில்ல மேங்கோ ட்ரிங்க் வாங்கித் தராங்க. சர்க்கரையும் தண்ணியும் ஃப்ளேவரும் சேந்த பாட்டில் வேற, பெங்களூரா மாங்கா கீத்து வேற. பிரிட்டன்ல சுத்தமான பழ ஜூஸுக்கே ஒரு நாளைக்கு 150 மில்லி தான் லிமிட்டு.

எந்த நாட்டுப் படத்துலயும் இல்லாத ஒன்னு நமக்கு இருக்கு, தண்ணில ஃப்ளோரைடு. அமெரிக்கால பல ஊர்ல குழாத்தண்ணில லிட்டருக்கு 0.7 மில்லிகிராம் வர்ற மாதிரி ஃப்ளோரைட சேக்கறாங்க, பல்லுக்கு நல்லதுன்னு. நம்ம போர் தண்ணில 1.5ஐத் தாண்டி பல்லு கறை புடிச்சு எலும்பு வலிச்சுதான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் திட்டமே வந்துச்சு. இன்னும் போர் தண்ணி குடிக்கறவங்க டெஸ்ட் பண்ணிப் பாருங்க, பிளாக் டீய திரும்பத் திரும்ப குடிக்காதீங்க, டீத்தூள்லயே ஃப்ளோரைடு இருக்கு. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னயும் பின்னயும் டீ காபி வேணாம்னு ஐசிஎம்ஆரும் சொல்லுது, அது இரும்புச்சத்துக்காக.

ப்ரோட்டீன் பவுடர் வேணாம்ங்க, அந்த 17லயே தவிர்க்கச் சொல்லிருக்காங்க. அந்தக் காசுக்கு முட்டையும் கொள்ளும் வாங்குங்க, ரெண்டு உருண்டைய ஒன்னா குறைச்சுட்டு பருப்புக் கடைசல் ரெண்டு கரண்டி ஊத்திக்கோங்க. சுகர் மாத்திரை போடறவரா இருந்தா மட்டும் அளவ குறைக்கறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க.