ஊதாதீர்கள், துடையுங்கள்!

கடலூர் மஞ்சக்குப்பத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவர், பழைய மெஷின்கள் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: சின்ன வயதில் டிவி கேம் கேசட்டை ஊதிப் போட்டால் ஓடும். பரணிலிருந்து எடுத்து இப்போது ஊதினால் ஓடவில்லையே? (வாசகர், முத்தியால்பேட்டை)

அன்றைக்கும் ஊதியதால் ஓடவில்லை சார். கழற்றித் திரும்பச் செருகும்போது பின்கள் சரியாக உட்கார்ந்தன, அவ்வளவுதான். பெயர் நம் மூச்சுக்குப் போய்விட்டது. ஊதினால் எச்சில் ஈரம் பட்டு பின்கள் அரிக்கும். கேம் கம்பெனியான நின்டெண்டோவே ஊத வேண்டாம் என்றுதான் சொன்னது. அதிலும் நம் இரண்டு ஊரும் கடலோரம். உப்புக் காற்றுக்கு ஜன்னல் கம்பியே தாங்குவதில்லை.

பென்சில் ரப்பரால் பின்களை மெதுவாகத் தேயுங்கள். செல்போன் சர்வீஸ்காரர்கள் வைத்திருக்கும் ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்) திரவத்தைப் பஞ்சில் தொட்டுத் துடைத்து, காய்ந்த பிறகு போடுங்கள். கம்ப்யூட்டர் பீப் பீப் என்று கத்துகிறது, படம் வரவில்லை என்று வருகிறவர்களுக்கும் ரேமைக் கழற்றி இதே ரப்பர் வைத்தியம்தான் முதலில் செய்வேன். (ரப்பருக்கா இவ்வளவு காசு என்பார்கள்.)

ஓடியதும் மாரியோவைப் போட்டு மேகத்தையும் கீழே இருக்கும் புதரையும் பாருங்கள். இரண்டும் ஒரே படம், நிறம்தான் வேறு. மொத்த ஆட்டமே 40 கிலோபைட் என்றால் வேறு என்ன செய்வார்கள்? இன்று வாட்ஸ்அப்பில் வரும் குட்மார்னிங் படமே அதைவிடப் பெரிது.

கேள்வி: பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவை என் பையனுக்குக் காட்ட ஆசை. அந்த ஆட்டமெல்லாம் அழிந்துவிட்டதா? (வாசகர், கடலூர் ஓ.டி.)

அழியவில்லை. டாஸ்பாக்ஸ் என்ற இலவச மென்பொருள் இருந்தால் பழைய டாஸ் (விண்டோஸுக்கு முன் இருந்த இயங்குதளம்) ஆட்டங்கள் இன்றைய லேப்டாப்பிலும் ஓடும். 1989-ல் வந்த ஆட்டம் அது. அதை உருவாக்கிய ஜோர்டான் மெக்னர் தன் தம்பியை ஓடவிட்டு, குதிக்கவிட்டு வீடியோ எடுத்து, அதைப் பார்த்து ஒவ்வொரு அசைவாக வரைந்தார். அதனால்தான் அந்த ஓட்டம் அப்படி இருக்கும். அதன் மூல நிரல் (ஆட்டத்தின் புரோகிராம்) இருந்த ஃப்ளாப்பிகள் (அந்தக் கால டிஸ்குகள்) பல வருடம் எங்கே போயின என்றே தெரியவில்லை. 2012-ல் அவருடைய அப்பா ஒரு பழைய பெட்டியிலிருந்து கண்டெடுத்தார். நிபுணர்கள் வந்து படித்தும் கொடுத்தார்கள். ஆட்டங்களைக் காப்பாற்ற உலகம் முழுக்க ஆள் இருக்கிறது. எனக்குக் கவலை அடுத்த கேள்வி மாதிரி விஷயங்களில்தான்.

கேள்வி: அப்பா 2000 வாக்கில் தமிழில் டைப் செய்த கட்டுரைகள் ஃப்ளாப்பியில் இருக்கின்றன. திறந்தால் ஆங்கில எழுத்தாகக் கிறுக்கல் வருகிறது. கெட்டுவிட்டதா? (வாசகி, லாஸ்பேட்டை)

கிறுக்கல் வந்தாலே பாதி ஜெயித்துவிட்டீர்கள் அம்மா, ஃப்ளாப்பி படிக்கிறது! எல்லாவற்றையும் இன்றைக்கே வேறு இரண்டு இடத்தில் காப்பி எடுத்துவிடுங்கள். இன்னும் திறக்காத ஃப்ளாப்பி இருந்தால் தகட்டை நகர்த்தி உள்ளே பாருங்கள். வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் டிரைவில் போடாதீர்கள். டிரைவில் டிஸ்கைப் படிக்கும் ஹெட்டில் அழுக்கு ஒட்டி மற்ற ஃப்ளாப்பிகளையும் கீறிவிடும்.

இனி எழுத்து. அப்போது தமிழுக்குப் பொதுவான குறியீடு எல்லோரிடமும் புழக்கத்தில் இல்லை. பாமினி, திஸ்கி, 1999-ல் சென்னை தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி வந்த டாம், டாப் என்று ஆளுக்கு ஒன்று. பாமினியில் ‘அம்மா’ என்று அடித்தால் உள்ளே பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அந்த எழுத்துரு (ஃபாண்ட்) இருந்தால் அம்மா, இல்லாவிட்டால் கிறுக்கல். உங்கள் கோப்பில் அரைப்புள்ளி நிறைய தெரிந்தால் பெரும்பாலும் பாமினிதான். இணையத்தில் இலவச மாற்றிகள் உண்டு. ஒரு பத்தியை மட்டும் ஒட்டி, ஒவ்வொரு குறியீடாகப் போட்டு இன்று எல்லோரும் பயன்படுத்தும் பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றிப் பாருங்கள். வாக்கியம் படிக்க வருகிறதா, அதுதான் சாவி. மாற்றிய பிறகும் பழைய கோப்பை அழிக்காதீர்கள். மாற்றிகள் கொம்பு, கால் எழுத்துகளில் அவ்வப்போது தடுமாறும். அப்பா எழுதியது ‘கொடி’யா ‘கோடி’யா என்று ஒப்பிட மூலம் வேண்டும். அவரே பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சொன்னால் இன்னும் நல்லது.

கேள்வி: ஆர்க்குட்டில் என் தோழன் எழுதிய டெஸ்டிமோனியல் கிடைக்குமா? (வாசகர், நெல்லிக்குப்பம்)

கிடைக்காது. கூகுளின் அந்தப் பழைய சமூக வலைத்தளத்தை 2014 செப்டம்பர் 30-ல் மூடினார்கள், 2016 செப்டம்பர் வரை இறக்கிக்கொள்ள அவகாசமும் கொடுத்தார்கள். தோழன் நம்பர் இருந்தால் போன் போட்டு மறுபடி எழுதச் சொல்லுங்கள். இத்தனை வருடம் கழித்து உங்களைப் பற்றி என்ன எழுதுவான் என்பதற்கு நான் பொறுப்பில்லை.