வளர்ந்த பறவை தன் பாட்டைத் திருத்திக்கொள்ளுமா?

கூண்டில் வளரும் ஃபிஞ்ச் என்னும் சிறு பாட்டுப் பறவை குஞ்சுப் பருவத்தில் தகப்பனிடம் கற்ற பாட்டையே ஆயுள் முழுக்கப் பாடுகிறது என்றால், வளர்ந்தபின் அதன் மூளை எதையும் திருத்துவதில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். பெங்காலி ஃபிஞ்ச் வளர்த்த காலத்தில் (பெயர் அப்படி இருந்தாலும் இது ஜப்பானில் பெருகிய வளர்ப்பினம்) நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

பாடுவதற்கான பாதை நேரானது. எச்விசி என்னும் மூளைப் பகுதி ஆர்ஏ என்னும் பகுதியைத் தூண்ட, அது மூளைத்தண்டு வழியாக மூச்சுத் தசைகளையும், மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியுமிடத்தில் உள்ள சிரிங்ஸ் என்னும் குரலுறுப்பையும் இயக்குகிறது. 2008-இல் லாங், ஃபீ என்னும் ஆய்வாளர்கள் இருவரும் ஜீப்ரா ஃபிஞ்ச் என்னும் இன்னோர் இனத்தின் எச்விசியைச் சில டிகிரி குளிர்வித்தபோது பாட்டின் காலப்பிரமாணம் இழுபட்டது. சுருதி ஏறக்குறைய அப்படியே நின்றது. தாளம் போடும் கை எங்கே இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியை நான் படித்ததில்லை.

கற்பதற்கோ, சுற்றிவரும் இன்னொரு பாதை உண்டு. அதன் கடைசிக் கண்ணியான எல்மேன் என்னும் மூளைப் பகுதி, ஆர்ஏவுக்குள் சிறுசிறு தடுமாற்றங்களைப் புகுத்திக்கொண்டே இருக்கிறது. நம் காதுக்கு மாறாமல் கேட்கும் ஓர் அசையின் சுருதிகூட ஒவ்வொரு முறையும் இம்மியளவு ஏறி இறங்குவதில் இதற்குப் பெரும் பங்குண்டு.

2007-இல் டூமர், பிரெய்னார்ட் இருவரும் இந்த ஏற்ற இறக்கத்தைத்தான் பிடித்துக்கொண்டார்கள். பெங்காலி ஃபிஞ்ச் பாடப்பாடவே கணினி ஒரே ஓர் அசையைக் கவனித்து, அதன் சுருதி குறித்த அளவுக்குக் கீழே இறங்கினால் அந்தக் கணமே, நிலையம் பிடிபடாத வானொலியைப் போல ‘உஸ்’ஸென்று இரைந்தது, மேலே இருந்தால் சும்மா இருந்தது. பறவை விரைவிலேயே அந்த அசையை உயர்த்திப் பாடத் தொடங்கியது. இரைச்சலை நிறுத்தியபின் மெல்லப் பழைய சுருதிக்கே திரும்பியது. மூலப் பாட்டு நினைவில் அழியாமல் இருந்திருக்கிறது.

அன்டல்மன், ஃபீ இருவரும் 2009-இல் இதேபோல் சுருதியை நகர்த்தப் பழக்கிய ஜீப்ரா ஃபிஞ்சுகளில் எல்மேனை மருந்தால் முடக்கியபோது, அன்றன்று கற்ற திருத்தம் உடனே குலைந்தது. முந்தைய நாட்களில் கற்றது நேர்ப்பாதையில் ஊன்றிவிட்டிருந்தது.

என் எண்ணத்தை மாற்றியது 2000-இல் பிரெய்னார்ட், டூப் இருவரும் கண்டதுதான். செவியை இழந்த ஜீப்ரா ஃபிஞ்சின் பாட்டு வாரக்கணக்கில் சிதைந்துபோகிறது. ஆனால் எல்மேனையும் நீக்கிவிட்டால், காதே கேட்காவிட்டாலும், பாட்டு பெரிதாகச் சிதைவதில்லை. அப்படியென்றால் அந்தச் சிதைவு வெறும் தேய்மானமல்ல, வளர்ந்தபின்னும் பாட்டை மாற்றிக்கொண்டிருக்கும் மூளையின் வேலைதான்.