வினிகர் டெஸ்டில் ‘வெள்ளை’ தெரிந்தால் புற்றுநோயா?

கேள்வி: வயது 44. பூம்பாறையில் பூண்டுக் காட்டில் கூலி வேலை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பப்பை வாயில் மருந்து தடவிப் பார்த்த நர்ஸம்மா, “வெள்ளை தெரியுது, திண்டுக்கல் போய்க் காட்டுங்க” என்று சீட்டு கொடுத்தார். எனக்கு வெள்ளைப்படுதலே கிடையாது. இது புற்றுநோயா? ஒருநாள் கூலியை விட்டுவிட்டு மலை இறங்கத்தான் வேண்டுமா? 56 வயது நாத்தனாரையும் கூட்டிப் போகலாமா?

பதில்: நர்ஸ் சொன்ன வெள்ளை வேறு, வெள்ளைப்படுதல் வேறு. 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலத்தை (சமையல் வினிகரும் ஏறக்குறைய இதே காரம்தான்) பஞ்சில் நனைத்துக் கர்ப்பப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் பொறுப்பார்கள். இயல்பு மாறிய செல்கள் இருக்கும் இடம் வெளுக்கும். துவாரத்தை ஒட்டி, விளிம்பு தெளிவாக, அடர்த்தியாக வெளுத்தால் ‘பாசிட்டிவ்’. ஆனால் சாதாரணக் கிருமித்தொற்று, ஆறிவரும் புண் ஆகியவையும் இப்படி வெளுத்துக் காட்டும். ஆகவே இது புற்றுநோய் என்ற முடிவல்ல. உற்றுப் பார்க்க வேண்டிய இடம் இருக்கிறது என்ற அடையாளம் மட்டுமே.

இந்த டெஸ்டின் பலன் உங்கள் திண்டுக்கல் மாவட்டத்திலேயே அளந்து பார்க்கப்பட்டது. தொற்றுநோயியல் நிபுணர் ஆர். சங்கரநாராயணன் குழுவினரின் ஆய்வு அது, 2007-இல் வெளியானது. 30 முதல் 59 வயதுவரை 31,343 பெண்களுக்கு ஒரே ஒரு முறை வினிகர் டெஸ்ட். 3,088 பேருக்கு, அதாவது பத்தில் ஒருவருக்கு, பாசிட்டிவ். டெஸ்ட் நடந்த ஊர்களில், நடக்காத ஊர்களைவிட, 2006 வரை புற்றுநோய் 25 சதவீதமும் அதனால் வந்த சாவு 35 சதவீதமும் குறைவு. அங்கே கால்போஸ்கோப்பி (கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியால் பார்ப்பது), பயாப்ஸி (சிறு துண்டு சதை எடுத்துச் சோதிப்பது), மாறிய இடத்தை உறைய வைக்கும் சிகிச்சை எல்லாம் அதே வருகையில் நடந்தன. அப்படியும் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் இருந்த பெண்களில் 72 சதவீதம் பேர்தான் சிகிச்சை எடுத்துக்கொண்டார்கள். சீட்டை அலமாரியில் வைத்துவிட்டால் டெஸ்ட் எடுத்தும் எடுக்காத கணக்குதான். போய் வாருங்கள்.

ஆனால் கூலியும் பஸ் காசும் வீணாகாமல் போங்கள். கால்போஸ்கோப்பி எந்தக் கிழமை, தேவைப்பட்டால் தெர்மல் அப்லேஷன் என்ற சூடு வைக்கும் சிகிச்சையை அன்றைக்கே செய்வார்களா என்று சீட்டு கொடுத்த நர்ஸிடமே போன் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள். மாதவிலக்கு நாளில் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். முந்தைய இரண்டு நாள் உடலுறவும் வேண்டாம், உள்ளே வைக்கும் மாத்திரை, கிரீமும் வேண்டாம். கடைசியாக மாதவிலக்கு வந்த தேதியைச் சீட்டின் பின்பக்கம் குறித்துக்கொள்ளுங்கள்.

தெர்மல் அப்லேஷன் என்பது சுமார் 100 டிகிரி சூட்டில் கருவியின் முனையை 20 முதல் 30 விநாடி அந்த இடத்தில் வைப்பது. அடிவயிற்றில் மாதவிலக்கு வலிபோல இழுக்கும், அவ்வளவுதான். பிறகு சில வாரம் நீர்போல வடியும். அதுவரை துணி மாற்ற வசதி செய்துகொள்ளுங்கள். நான்கு வாரம் உடலுறவு கூடாது. சில நாள் பூண்டு மூட்டை தூக்க வேண்டாம். காய்ச்சல், துர்நாற்றம், அதிக ரத்தம் என்றால் உடனே திரும்பிப் போக வேண்டும். ஓராண்டு கழித்து மறுபரிசோதனை உண்டு. பலர் விடுவது இதைத்தான்.

அங்கே எச்.பி.வி. என்ற வைரஸின் பெயர் காதில் விழும். வீட்டுக்காரர் மேல் சந்தேகப்பட வேண்டாம். மணவாழ்க்கையில் இருக்கும் பெரும்பாலோருக்கு ஏதோ ஒரு காலத்தில் வந்துபோகும் கிருமி அது. எப்போது வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. பெரும்பாலும் இரண்டு ஆண்டுக்குள் தானே போய்விடும். போகாமல் தங்கினால்தான் 15, 20 ஆண்டில் புற்றுநோயாகலாம், எச்.ஐ.வி. இருந்தால் இன்னும் விரைவாக.

நாத்தனாருக்கு வினிகர் டெஸ்ட் அவ்வளவு பொருந்தாது. மாதவிடாய் நின்ற பிறகு செல்கள் மாறும் எல்லைக்கோடு துவாரத்துக்குள் ஒதுங்கிவிடும். வெளியே தடவி ஒன்றுமில்லை என்றால் உள்ளேயும் ஒன்றுமில்லை என்று பொருளல்ல. அவருக்கு அந்த வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் எச்.பி.வி. டி.என்.ஏ. டெஸ்ட் கிடைக்குமா என்று கேளுங்கள். மெல்லிய பிரஷை உள்ளே விட்டுச் சுழற்றிக் குழாயில் போட்டு மூடினால் மாதிரி தயார். கூச்சப்படுபவர் தானே எடுத்துக்கொள்ளலாம். நெகட்டிவ் என்றால் அடுத்த டெஸ்ட் ஐந்து ஆண்டு கழித்துத்தான். ஆனால் மாதவிடாய் நின்றவருக்கு ஒரு சொட்டு ரத்தம் பட்டிருந்தாலும் இந்த டெஸ்டுக்காகக் காத்திருக்கக் கூடாது. நேராக மகப்பேறு மருத்துவரிடம் காட்ட வேண்டும்.